நிறுத்தப்பட்ட ‘1899’ தொடருக்காக டெல்டா ரசிகர்கள் செய்யக்கூடியது என்ன?

திருவாரூர் விரிவுரையாளர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் அறிவியல் புனைவுத் தொடர்களை விரும்பிப் பார்க்கும் நாங்கள் சிலர், மாதந்தோறும் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடி, பார்த்தவற்றைப் பற்றிப் பேசி வருகிறோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ‘1899’ என்ற ஜெர்மானியத் தொடரில்தான் வந்து நிற்கிறது. ‘டார்க்’ தொடரை மூன்று சீசன்களில் திட்டமிட்டபடியே முடித்துக் காட்டிய பாரன் போ ஓடார், யான்ட்யே ஃப்ரீசெ இணையரின் அடுத்த படைப்பு அது. எட்டு எபிசோடுகளும் 2022 நவம்பர் 17 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியாயின. ஒன்றரை மாதம் கழித்து, 2023 ஜனவரி 2 அன்று, இரண்டாம் சீசன் வராது என்று ஓடாரே இன்ஸ்டாகிராமில் அறிவித்துவிட்டார்.

பிழைப்புத் தேடி ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலேறியவர்கள், ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத நிலையில், ஒரே ஆபத்தில் மாட்டிக்கொள்வதுதான் கதை. நாகையிலிருந்து பினாங்குக்குக் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். ‘ரஜூலா’ கப்பலின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கீழ்த்தளத்தில் அடைந்து கிடக்கும் அந்தப் பயணிகளின் முகங்களை அவர்களால் வெறும் கதையாகப் பார்க்க முடியவில்லை. கடைசி நிமிடங்களில், நாம் பார்த்தது கடற்பயணமே அன்று, 2099-ஆம் ஆண்டில் செல்லும் ஒரு விண்கலத்தில் உறங்குபவர்களுக்குள் ஓடிய கனவு என்று தெரிய வருகிறது. அந்த இடத்தில் கதை அறுந்து நிற்கிறது.

இதற்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எதைச் செய்வது என்பதில்தான் இருக்கிறது. இணையத்தில் கையொப்பமிட்டால் போதும் என்கிறார்கள் சிலர். ‘ஜெரிகோ’ தொடருக்காக அமெரிக்க ரசிகர்கள் வேர்க்கடலை அனுப்பியதைப் போல, நாமும் நம் மண்ணின் அடையாளமாக மாப்பிள்ளைச் சம்பா நெல்லைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி நெட்ஃபிளிக்ஸின் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்கிறார் மன்னார்குடி நண்பர். காலம் கடந்துவிட்டது, இவ்வளவு தொலைவிலிருந்து எழும் குரல் அங்கே யார் காதில் விழும் என்கிறார் இன்னொருவர். இத்தகைய இயக்கங்கள் உண்மையில் எதைச் சாதித்திருக்கின்றன, எப்போது தோற்றிருக்கின்றன என்று அறிந்தவர்கள் விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

கும்பகோணம் நூலகர்:

விரிவுரையாளர் அவர்களுக்கு வணக்கம். இவ்வகை இயக்கங்களுக்கெல்லாம் முன்னோடி ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடருக்காக 1967-இன் இறுதியிலும் 1968-இன் தொடக்கத்திலும் நடந்த கடித இயக்கம். இரண்டாம் சீசனோடு அத்தொடரை ஒளிபரப்பி வந்த என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் நிறுத்தப்போகிறது என்ற செய்தி பரவியபோது, ஜான் டிரிம்பிள், பிஜோ டிரிம்பிள் என்ற கணவன் மனைவி இருவரும் ரசிகர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, ஒவ்வொருவரும் தாமும் எழுதி, மேலும் பத்துப் பேரையும் எழுதச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆயிரம் பேர் கையொப்பமிட்ட ஒரு மனு அலுவலகத்தில் ஒரே தாளாகத்தான் கருதப்படும், ஆயிரம் பேர் தனித்தனியே எழுதினால் ஆயிரம் உறைகளை யாரேனும் பிரித்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடிதம் மரியாதையான நடையிலும் அவரவர் சொந்தச் சொற்களிலும் இருக்க வேண்டும் என்பதிலும் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. கால்டெக் என்ற கலிபோர்னியத் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தின் மாணவர்கள் பர்பாங்கில் இருந்த என்.பி.சி. வளாகத்துக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். 1968 மார்ச் 1 அன்று, அன்றைய எபிசோடு முடிந்தவுடன், தொடர் நீடிக்கும் என்று திரையிலேயே அறிவிக்க வேண்டிய நிலை அந்த நிறுவனத்துக்கு ஏற்பட்டது.

பலரும் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. மூன்றாம் சீசனுக்கு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி என்ற நேரம் ஒதுக்கப்பட்டது. இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம் அது. செலவுத் தொகை குறைக்கப்பட்டது. படைப்பாளர் ஜீன் ராடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். 1969-இல் தொடர் நின்றே போயிற்று. அப்படியானால் இயக்கம் தோற்றதா என்றால், இல்லை. அந்த மூன்றாம் சீசனால்தான் மொத்த எபிசோடுகள் 79 ஆயின. உள்ளூர் நிலையங்கள் வாங்கி நாள்தோறும் மறுஒளிபரப்புச் செய்வதற்குப் போதுமான இருப்பு அதனால் கிடைத்தது. அந்த மறுஒளிபரப்பில்தான் தொடருக்குப் புதிய தலைமுறை ரசிகர்கள் சேர்ந்தார்கள். 1976-இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு ‘என்டர்பிரைஸ்’ என்ற பெயரை வைக்கச் செய்ததும் அந்த ரசிகர்களின் கடிதங்களே. 1979-இல் திரைப்படம் வந்தது. ஆகவே, கடிதம் எழுதியவர்கள் பெற்றுத் தந்தது ஒரே ஒரு சீசன். அதன் பலனோ பத்தாண்டு கழித்து விளைந்தது.

‘ஜெரிகோ’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகு கான்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்று என்ன ஆகிறது என்பதைச் சொல்லும் அத்தொடரை 2007 மே மாதம் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் நிறுத்தியது. இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியத்தின் பாஸ்டோனில் சரணடையச் சொன்ன எதிரிக்கு அமெரிக்கத் தளபதி ஒருவர் அனுப்பிய ‘நட்ஸ்’ (நேர்ப்பொருள் ‘கொட்டைகள்’, பேச்சுவழக்கில் ஏளனமான மறுப்பு) என்ற ஒற்றைச் சொல் பதிலைத் தொடரின் நாயகனும் கடைசி எபிசோடில் சொல்கிறான். ரசிகர்கள் அனுப்பிய வேர்க்கடலைக்குப் பொருள் அதுதான். இருபது டன்னுக்கும் மேல் கடலை வந்து சேர்ந்தது. ஜூன் 6 அன்று ஏழு எபிசோடுகளுக்கு அனுமதி கொடுத்த நிறுவனத் தலைமை, இனிக் கடலை அனுப்ப வேண்டாம் என்றும், ஒளிபரப்பின்போது பார்ப்பவர்களின் எண்ணிக்கை கூட வேண்டும் என்றும் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. 2008-இல் அந்த ஏழும் ஒளிபரப்பாயின. பார்வையாளர் எண்ணிக்கை ஏறாததால் தொடர் மீண்டும் நின்றது. ஆனால் தயாரிப்பாளர்கள் முன்யோசனையோடு இரண்டு முடிவுகளைப் படமாக்கி வைத்திருந்தார்கள்: தொடர் நீடித்தால் ஒன்று, நின்றால் மற்றொன்று. கதையை முடித்து வைக்கும் இறுதிக் காட்சியாவது ரசிகர்களுக்குக் கிடைத்தது.

பிற இயக்கங்களிலும் இதே போக்கைக் காண்கிறேன். ‘ஃபார்ஸ்கேப்’ 2002-இல் நாயகனும் நாயகியும் சில்லுகளாகச் சிதறிய காட்சியோடு நிறுத்தப்பட்டது. 2004-இல் ஒரு குறுந்தொடர் வந்து அதை முடித்து வைத்தது. மும்பையையும் கதைக்களங்களில் ஒன்றாகக் கொண்ட ‘சென்ஸ்8’ 2017 ஜூன் 1 அன்று நிறுத்தப்பட்டது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2018 ஜூன் 8 அன்று இரண்டரை மணி நேர இறுதி எபிசோடு வெளியானது. ‘ஃபயர்ஃபிளை’யின் 14 எபிசோடுகளில் 11 மட்டுமே, அவையும் வரிசை மாறி, 2002-இல் ஒளிபரப்பாயின, டி.வி.டி. விற்பனை தந்த நம்பிக்கையில் 2005-இல் ஒரு திரைப்படம் வந்தது. நீங்கள் முழுத் தொடரையும் கேட்பதைவிட, ஒரு முடிவைக் கேட்பது கிடைக்கக்கூடிய கோரிக்கை என்பது என் உறுதியான எண்ணம்.

வேதாரண்யம் வாசகி:

மன்னார்குடி நண்பரின் உணர்வை மதிக்கிறேன். ஆனால் நெல்லை அனுப்ப வேண்டாம். முளைக்கக்கூடிய எந்த விதையும் அமெரிக்காவின் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளைக் கடந்தாக வேண்டும். உரிய சான்றில்லாத பொட்டலங்கள் அலுவலகத்தைச் சென்றடையாமலே அழிக்கப்படும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற ஒரு ரகத்தின் விதை அப்படி வீணாவதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலும், வேர்க்கடலைக்குத் தொடருக்குள்ளேயே ஒரு பொருள் இருந்தது என்று மேலே நூலகர் விளக்கியிருக்கிறார். நெல்லுக்கும் ‘1899’ கதைக்கும் என்ன தொடர்பு என்று உறையைப் பிரிப்பவர் எப்படி அறிவார்? நாகையின் கப்பல் நினைவுதான் உங்களிடம் இருக்கும் பெரிய செல்வம். அதை எழுதுங்கள். நெட்ஃபிளிக்ஸுக்கு மும்பையில் அலுவலகம் இருக்கிறது. ஐம்பது காசு அஞ்சலட்டை அங்கே போய்ச் சேரும்.

திருவையாறு, உரிமைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் உரிமை ஒப்பந்தங்களைச் சென்னையில் கையாண்டு, ஓய்வுக்குப் பிறகு திருவையாற்றுக்கே திரும்பியவன் என்ற முறையில், ஒரு கேள்வியை முதலில் கேட்கச் சொல்வேன்: தொடர் யாருடைய சொத்து? இயக்கங்களின் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது.

‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரைத் தயாரித்துச் சொந்தமாக வைத்திருந்தது ஆல்கான் நிறுவனம். சிஃபி அலைவரிசையிடம் இருந்தது அமெரிக்காவில் முதல் ஒளிபரப்புக்கான உரிமை மட்டுமே. இணையத்தில் எத்தனை பேர் பார்த்தாலும் அந்த அலைவரிசைக்கு வருமானம் இல்லை. எனவே 2018 மே மாதம் அது விலகிக்கொண்டது. ஆல்கான் வேறு இடம் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், ரசிகர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியதோடு, சான்டா மோனிகாவில் அமேசான் ஸ்டுடியோவின் மேலே பதாகை கட்டிய சிறு விமானத்தையும் பறக்கவிட்டார்கள். அம்மாத இறுதிக்குள், விண்வெளி மாநாடு ஒன்றில், தொடரின் நடிகர்கள் முன்னிலையிலேயே அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அதை ஏற்றுக்கொண்டதாக அறிவித்தார். மேலும் மூன்று சீசன்கள் வந்தன. விற்க உரிமை உள்ளவர் ஒருவர் இருந்தார், வாங்க வசதி உள்ளவர் ஒருவர் இருந்தார். இடையே இருந்த தயக்கத்தை ரசிகர்கள் போக்கினார்கள்.

‘மேனிஃபெஸ்ட்’ இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2021 ஜூனில் என்.பி.சி. அதை நிறுத்திய அதே நேரத்தில் முந்தைய சீசன்கள் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்து, அமெரிக்கப் பட்டியலில் வாரக்கணக்கில் முதலிடத்தில் நின்றன. நடிகர்களின் ஒப்பந்தக் காலம் ஜூன் மாதத்தோடு முடியும் நிலையில் பேச்சுவார்த்தை ஒருமுறை முறிந்தது. ஆனாலும் பார்வை எண்ணிக்கை குறையாததால், ஆகஸ்ட் 28 அன்று 20 எபிசோடுகள் கொண்ட இறுதி சீசன் அறிவிக்கப்பட்டது. கதையில் வரும் விமானத்தின் எண் 828 என்பதால் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே கடிதத்தைவிட, பார்த்தவர்களின் எண்ணிக்கையே பேசியது.

‘1899’ இந்த இரண்டு வகையிலும் சேராது. அது நெட்ஃபிளிக்ஸுக்காகவே, நெட்ஃபிளிக்ஸின் பணத்தில் உருவானது. எனவே வேறொரு நிறுவனம் எடுத்து நடத்தும் என்று எதிர்பார்ப்பது கடினம். செலவும் பெரிது, பெர்லினை அடுத்த பாபல்ஸ்பெர்க்கில், கடலையும் வானத்தையும் எல்.இ.டி. திரைகளில் உருவாக்கி அவற்றின் முன் நடிகர்களை நிறுத்திப் படமாக்குவதற்கென்றே ‘டார்க் பே’ என்ற தனி அரங்கை அமைத்தார்கள். இப்படிப்பட்ட தொடருக்கு, தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசி வரை பார்த்தார்கள் என்ற கணக்கு உயிர்நாடி. 2019-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவுக்கு நெட்ஃபிளிக்ஸ் எழுதிய கடிதத்தில், முதல் இரண்டு நிமிடம் பார்த்தவர், 70 விழுக்காடு பார்த்தவர், 90 விழுக்காடு பார்த்தவர் என்று தன் பார்வையாளர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பதாகத் தெரிவித்திருந்தது. அமெரிக்க அலைவரிசைகள் நம்பியிருந்த, நீல்சன் நிறுவனம் எடுக்கும் பார்வையாளர் கணக்கில் தஞ்சாவூர்க்காரருக்கு இடமே இல்லை. இந்தக் கணக்கிலோ, வலங்கைமானில் ஒருவர் எட்டாம் எபிசோடு வரை பார்த்தால் அவரும் கலிபோர்னியாவில் பார்த்தவருக்குச் சமமாகப் பதிவாகிறார். 2023 டிசம்பர் முதல் தன் தொடர்களைப் பார்த்த மணிநேரங்களை அந்த நிறுவனம் அவ்வப்போது அறிக்கையாக வெளியிட்டும் வருகிறது. தொலைவு ஒரு தடை என்ற வாதம், முன்னைப் போல இன்று நிற்காது.

வசூல் பற்றி ஒரு சொல். விமானம், விளம்பரப் பலகை என்று பணம் திரட்டும் யோசனை எழுந்தால், தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். முகம் தெரியாதவர்களிடம் பெற்ற பணத்துக்குக் கணக்குக் காட்டுவதிலேயே குழு உடைந்துவிடும். நடிகர்களின் தனிப்பட்ட பக்கங்களில் நாள்தோறும் போய்க் கேட்பதும் வேண்டாம். முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

பொறையாறு பொறியாளர்:

காலம் கடந்துவிட்டது என்ற வாதத்துக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊர் வழியாக மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ஓடிய ரயில் 1980-களில் நிறுத்தப்பட்டது. தண்டவாளம் போய்விட்ட பிறகும், அந்த ரயிலில் ஏறியே இராத தலைமுறையினர் இன்றும் அதை மீண்டும் விடச் சொல்லி மனு எழுதுகிறார்கள், நானும் கையொப்பமிட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் இருக்கும் வரை, கோரிக்கை கோப்பிலிருந்து நீக்கப்படுவதில்லை.

தொலைக்காட்சியில் இதற்குச் சான்று ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர். 1989-இல் பி.பி.சி. அதை நிறுத்திய பிறகு, 1996-இல் வந்த ஒரு தொலைக்காட்சித் திரைப்படமும் தொடராக வளரவில்லை. அந்த இடைவெளியில் ரசிகர்கள் புகார் எழுதிக்கொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. அதே பாத்திரங்களை வைத்து நாவல்கள் எழுதினார்கள். 1999 முதல் பிக் ஃபினிஷ் நிறுவனம் முறையான உரிமம் பெற்று, பழைய நடிகர்களின் குரலிலேயே ஒலி நாடகங்களை வெளியிட்டது. 2005-இல் தொடரை மீட்டெடுத்த ரஸ்ஸல் டி. டேவிஸ் சிறுவயது முதலே அதன் ரசிகர். இடைவெளிக் காலத்தில் வெளிவந்த நாவல்களில் ஒன்றை எழுதியவரும்கூட. 16 ஆண்டுகள் கழித்து முடிவெடுக்கும் நாற்காலியில் ஒரு ரசிகரே வந்து அமர்ந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ‘1899’ விஷயத்தில் நூலகர் சொல்வதுபோல் முடிவை மட்டும் கேட்பது சரிதான். அந்த முடிவு ஒலி நாடகமாகவோ, படக்கதையாகவோ வந்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றுக்குக் கப்பலையும் அரங்கையும் மீண்டும் எழுப்ப வேண்டியதில்லை. திருவையாற்றுப் பெரியவர் விவரித்த செலவுத் தடை அங்கே பெரிதும் குறைந்துவிடுகிறது.

திருவாரூர் விரிவுரையாளர்:

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் எங்கள் குழுவின் சார்பில் நன்றி. மேலே உள்ள பதில்களைக் குழுவில் படித்துக் காட்டினேன். நெல் அனுப்பும் யோசனையை மன்னார்குடி நண்பரே கைவிட்டுவிட்டார். வேதாரண்யம் அம்மா விதையைப் பற்றி எழுதிய வரி அவரை மிகவும் பாதித்தது.

வரும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் கையால், தம் சொற்களில், மும்பை அலுவலகத்துக்கு எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம். நாகை நண்பர்கள் தம் குடும்பத்தில் கப்பலேறியவர்களைப் பற்றியும், அந்தத் தொடர் அவர்களுக்கு ஏன் அந்நியமாகப் படவில்லை என்பதைப் பற்றியும் எழுதுவார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: கதைக்கு ஒரு முடிவு, எந்த வடிவில் என்றாலும். பாதியில் விட்டவர்கள் எங்கள் குழுவிலேயே சிலர் இருக்கிறார்கள்; அவர்கள் எட்டு எபிசோடுகளையும் பார்த்து முடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வசூல் எதுவும் இல்லை.

நூலகர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடிதத்தைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

கும்பகோணம் நூலகர்:

தமிழில் எழுதி, கீழே சில வரிகளில் ஆங்கிலத்திலும் சாரத்தைக் கொடுங்கள். அந்தக் கப்பலில் ஒவ்வொரு பாத்திரமும் தன் தாய்மொழியிலேயே பேச வேண்டும் என்று அந்தப் படைப்பாளர்கள் உறுதியாக இருந்தார்கள்; அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய கடிதம் உங்கள் மொழியில் இருப்பதே பொருத்தம். அஞ்சலட்டையில் இடம் போதாது என்பதால் உள்நாட்டுக் கடிதத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். கும்பகோணத்திலிருந்தும் சிலர் எழுதுகிறோம். கூட்டம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று தெரிவித்தால், அன்றே அஞ்சலில் சேர்த்துவிடுகிறோம்.